தவுடன் பெயருக்கு மூலச்சான்று

"போதும்னா என்னய்யா போதும்? யாருக்குப் போதும்?"

"எனக்குத்தான் சார். வரிசையா பொட்டப்புள்ளயாப் பிறந்துச்சு. அதான் கடைசிப் புள்ளைக்குப் போதும்பொண்ணுன்னு வச்சோம்."

"போதும்னு யாருகிட்டச் சொன்ன?"

"சாமிகிட்ட சார்."

"எழுத்து மூலமாவா?"

"சாமிக்கு எப்படி சார் எழுத்து மூலமா..."

"சரி, அதுக்குப் பிறகு புள்ள பிறந்துச்சா இல்லையா?"

"பிறந்துச்சு சார். அதுவும் பொண்ணுதான்."

"அப்ப போதும்னது பொய்த் தகவல். பொய்யான ஒரு தகவலைப் புள்ள மேல ஏத்தி, இத்தனை வருஷமா ஊருக்குள்ள நடமாட விட்டிருக்க."

"என்ன சார் அநியாயமா இருக்கு! நான் போதும்னுதான் சார் சொன்னேன். கேக்காதது சாமி. போயி அவரை விசாரிங்க!"

"கத்தாத. இது ஆபீசு."

அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தவுடனுக்கு இவ்வளவும் கேட்டது. பாவம், அந்த ஆள் பெயர் வைத்த விதம் அப்படி, மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார். தன் பெயரில் அந்த மாதிரி வில்லங்கம் எதுவும் கிடையாது. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பிக் கடையைத் திறந்துவிடலாம். அங்கே பஸ் நிறுத்தத்தில் அவருக்குச் சைக்கிள் கடை. 'ஆ. தவுடன் சைக்கிள் ஒர்க்ஸ்' என்று பலகை.

அலுவலகம் அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பொருள் மற்றும் பெயர்மூலச் சரிபார்ப்பு அலுவலகம். யூரியா வாடை படியேறி வந்து எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது. இந்த அலுவலகம் வந்த கதையைப் பெஞ்சில் இருந்தவர்களே பேசிக்கொண்டார்கள். மெட்ராஸில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனாராம். அங்கே சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டாளாம். அவருக்குத் தெரியவில்லை. அவமானம் தாங்காமல் திரும்பி வருகிற விமானத்திலேயே திட்டம் போட்டுவிட்டார். இனி பெயருக்குப் பொருளும் மூலமும் சொல்லத் தெரியாத யாரும் இந்த நாட்டில் எதையும் வாங்க முடியாது.

தவுடன் வாங்க வந்தது மகளுக்காக. சுகந்திக்கு மதுரையில் நர்சு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆவணி முடிவதற்குள் சேர வேண்டும். சேருவதற்குத் தகப்பன் பெயரின் மூலச்சான்று வேண்டும். அது இல்லை என்றால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வெள்ளைத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

போதும்பொண்ணின் தகப்பன் முகம் சிவந்து வெளியே வந்தார். "உள்ள போறீகளா? போங்க போங்க," என்றார் தவுடனிடம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் சரிபார்ப்பு அலுவலர் தனுஷ்கோடி இருந்தார். பக்கத்தில் மாதவன் என்கிற எழுத்தர், சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள.

"பேரு?"

"தவுடன் சார்."

"குடும்பப் பேரு?"

"குடும்பத்துக்குன்னு தனியாப் பேரு இல்லீங்க சார். சைக்கிள்கடை வீடும்பாக."

தனுஷ்கோடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார். மாதவன் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த இடத்தில் எழுத வேண்டாம் என்பது அவருக்குப் பழக்கம்.

"இங்கதான்யா நாம பின்தங்கிப் போனோம். இங்கிலீஷ்காரனைப் பாரு. ஸ்மித்துன்னு பேரு. என்ன அர்த்தம்? கொல்லன். இன்னைக்கு அவன் பேங்க் மேனேஜர். ஆனா பேரு கொல்லன். மூலத்தை விட்டானா? சீனாக்காரன் குடும்பப் பேரை முன்னால சொல்லுவான், சொந்தப் பேரைப் பின்னால சொல்லுவான். மரியாதை! ஸ்பெயின் தேசத்துல அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேரு. நீ சைக்கிள்கடை வீடுங்கிற. கடையை மூடிட்டா நீ யாரு?"

"தவுடன்தான் சார்."

"பர்மாவுலயும் இப்படித்தான், குடும்பப் பேரே கிடையாது. அங்க என்ன நடக்குதுன்னு உலகத்துக்கே தெரியும்." உட்கார்ந்தார். "சொல்லு. பேருக்குப் பொருள்?"

"தவிடு சார்."

"மூலம்?"

தவுடன் சொன்னார். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு முன்னால ரெண்டு புள்ள தங்கல சார். மூணாவது நானு. எமன் கண்ணு படக்கூடாதுன்னு என்னைய மொறத்துல வச்சுக் குப்பமேட்டுல போட்டாக. எதுத்த தெரு முத்துப்பேச்சியம்மா வந்து, ஒரு கொட்டாங்கச்சித் தவுட்டக் குடுத்து என்னைய வாங்கிட்டாக. வாங்கி, 'இது எம்புள்ள, நீ வளத்துக்குடு'ன்னு எங்க ஆத்தா அழகுத்தாயி மடியில போட்டுட்டாக. எமன் வந்து பாத்தா, இது அழகுத்தாயி புள்ள இல்ல, விலைக்குப் போன புள்ளன்னு போயிருவாருல்ல?"

"போனாரா?"

"போயிட்டாரு சார். உக்காந்திருக்கேன்ல."

மாதவன் எழுதிக்கொண்டார். தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, உன்னைய வித்திருக்காக."

"சும்மா ஒரு பேச்சுக்கு சார்."

"பேச்சுக்கா? தவிடு கை மாறுச்சா?"

"மாறுச்சு சார்."

"புள்ள கை மாறுச்சா?"

"மாறுச்சு."

"திருப்பி வாங்குனாகளா?"

"அதெப்படி சார் வாங்குவாக? வாங்குனா எமனுக்குத் தெரிஞ்சிரும்ல?"

"முத்துப்பேச்சி புருஷன் பேரு?"

"பால்ச்சாமி சார். செத்துப் போனாரு."

"அப்ப பெத்தவன் ஆண்டிச்சாமி மகன்னு 'ஆ' போட்டு இத்தனை காலமாத் திரியிற. பாத்தியா மாதவன், சர்க்காரை எப்படி ஏமாத்துறாங்கன்னு! இன்னையிலருந்து நீ பா. தவுடன். கடைப் பலகையை மாத்து. அழகுத்தாயையும் முத்துப்பேச்சியையும் கூட்டிட்டு வா. விசாரிக்கணும்."

மத்தியானப் பஸ் போயிருந்தது.

மறுநாள் இரண்டு பெண்களையும் மாடியேற்றுவதற்குள் தவுடனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முத்துப்பேச்சி ஒவ்வொரு படியிலும் நின்று உரக்கடைக்காரரிடம் பருத்திக்கு என்ன உரம் என்று விசாரித்தார். அழகுத்தாய் யாரிடமும் பேசவில்லை. தவுடன் பிறந்த நாளிலிருந்து அவர் மகனை மகன் என்று சொன்னது கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், கல்யாணப் பந்தலிலும், 'பேச்சி மகன்' என்றுதான் சொன்னார். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். தவுடனுக்கும் அது பழகிப்போனது.

தனுஷ்கோடி அழகுத்தாயிடம் தவுடனைக் காட்டிக் கேட்டார். "இவரு யாரும்மா?"

"பேச்சி மகன்."

"எழுதிக்கோ மாதவன்."

"ஏ ஆத்தா!" தவுடன் பதறினார். "இங்கயாவது நெசத்தச் சொல்லு. புள்ளைக்குச் சீட்டு போயிரும்."

"இங்கன்னா என்னடா? எமனுக்கு இந்த மாடி ஏறத் தெரியாதா?"

தனுஷ்கோடி முத்துப்பேச்சி பக்கம் திரும்பினார். "நீங்க இவரை வாங்குனது உண்மையா?"

"வாங்குனேன்."

"வளத்துக்குடுன்னு ஒப்படைச்சது உண்மையா?"

"ஒப்படைச்சேன். அவளும் வளத்தா. இன்னும் திருப்பிக் குடுக்கல."

"நீங்க ஏன் திருப்பிக் கேக்கல?"

"இவன் திங்கிற சோத்துக்கு எவய்யா கேப்பா?"

மாதவன் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினார்.

"விளையாட்டு இல்லம்மா இது. பேரோட மூலம் சம்பந்தப்பட்ட விஷயம்."

"ஆமா, உம்ம பேரு என்ன?"

"தனுஷ்கோடி."

"அதுக்கு மூலம்?"

"எங்கப்பா தனுஷ்கோடிக் கடல்ல முங்கி எந்திரிச்சு, வேண்டிப் பெத்த புள்ள நானு."

"அந்த ஊரைத்தான் புயலடிச்சுக் கடலு கொண்டுட்டுப் போயிருச்சே. அப்ப உம்ம மூலம் தண்ணிக்குள்ளல்ல கெடக்கு! அத யாரு முங்கிச் சரிபார்த்தா?"

தனுஷ்கோடி மேசையிலிருந்த அரசாணையைத் தொட்டுக் காட்டினார்.

"அலுவலர் பெயர்களுக்குப் பொருளும் மூலமும் உண்டுன்னு இதுலயே அனுமானம் பண்ணியிருக்கு. பொதுமக்களுக்குத்தான் சரிபார்ப்பு."

பிறகு வழியையும் அவரே சொன்னார். மீள்பெறுதல் என்று ஒரு விதி இருக்கிறதாம். விற்றவர் வாங்கியவரிடமிருந்து, விற்ற அதே பொருளைக் கொடுத்து, அலுவலர் முன்னிலையில் திருப்பி வாங்க வேண்டும். வாங்கியபின் 'இது என் மகன்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பழையபடி ஆ. தவுடன். சான்றிதழ் கைமேல்.

"மாட்டேன்," என்றார் அழகுத்தாய்.

"அம்மா, ஒரு வார்த்தைதானம்மா."

"ஒரு வார்த்தைக்குப் பயந்துதான்யா இத்தனை காலம் வாயக் கட்டிக் கெடக்கேன். அந்த ரெண்டையும் மகனே மகனேன்னு கொஞ்சித்தான் பறிகொடுத்தேன். இவனையும் சொல்லிக் குடுக்கவா?"

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தையல்காரர் வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சுகந்தி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பொட்டியில் வைத்து மூடினாள்.

"விடுங்கப்பா. அப்பத்தாவைப் போட்டுப் படுத்தாதீங்க. பருத்தி எடுக்கப் போறேன். கூட நாலு புள்ளைக போகுதுல்ல," என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூட அழகுத்தாய் தாங்கியிருப்பார். காலையில் எழுந்து முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனார். "ஏ பேச்சி, தவுட்டுக்கு எங்க போக?" என்று கேட்டார்.

அதற்குத்தான் ஆள் அலைந்தது. தனுஷ்கோடி, அன்று கொடுத்தது நெல்லுத் தவிடா கம்புத் தவிடா என்று கேட்டிருந்தார். கம்பு என்று முத்துப்பேச்சி உண்மையைச் சொல்லிவிட்டார். மில்லில் கம்புத் தவிடு கிடையாது. கம்பு குத்துகிற உரல் இருந்த வீடுகளில் உரலைக் கவிழ்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு கிழவிகளும் உரலை நிமிர்த்திக் கழுவி, மாறி மாறித் திட்டிக்கொண்டே குத்திப் புடைத்து, ஒரு கொட்டாங்கச்சி சேர்த்தார்கள்.

மீள்பெறுதல் நாளில் மாடியில் கூட்டம். போதும்பொண்ணின் தகப்பனும் வந்திருந்தார். அவரை அன்று கடவுள் சார்பில் மறுப்பு தாக்கல் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

குப்பைமேடு வேண்டும் என்றது விதி. அலுவலகத்தில் குப்பைமேடு கிடையாது என்று தனுஷ்கோடி முதலில் சொன்னார். பிறகு மாதவன் அவர் காதில் ஏதோ சொல்ல, பின்னால் நிராகரித்த மனுக்களைக் கொட்டிவைத்த மூலை ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சம்மட்டியால் அடித்துச் செய்த மாதிரி தேகம் உள்ள தவுடன் அதன் மேல் ஏறிப் படுத்தார். முறத்தில் ஆள் கொள்ளவில்லை. தலையை மட்டும் வைத்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது.

"அழக் கூடாதா சார்? குழந்தைன்னா அழும்ல?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"விதியில இல்ல," என்றார் தனுஷ்கோடி, புரட்டிப் பார்த்துவிட்டு.

அழகுத்தாய் கொட்டாங்கச்சியை நீட்டினார். முத்துப்பேச்சி வாங்கி, தவிட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் குடுத்தது இதைவிட நைசு," என்றார். அப்புறம் தவிட்டை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டார். "எடுத்துக்க தாயி. நல்லா வச்சுக்க."

"இப்பச் சொல்லுங்கம்மா," என்றார் தனுஷ்கோடி.

அழகுத்தாய் ஜன்னலைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். குனிந்து தவுடன் காதோரம் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா. பதிவாகணும்."

"எம்மகன்," என்றார் அழகுத்தாய்.

அவ்வளவுதான். நாற்பது தாண்டிய ஆள், முதுகெல்லாம் குண்டூசி குத்திய காகிதங்களோடு, மல்லாக்கப் படுத்திருந்தார். இந்த வார்த்தைக்குத் தான் காத்துக்கொண்டிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

"எந்திரிய்யா, அடுத்த ஆள் நிக்கிறாரு," என்றார் மாதவன்.

சான்றிதழ் கிடைத்தது. ஆ. தவுடன், தகப்பன் ஆண்டிச்சாமி, தாய் அழகுத்தாய், பொருள் தவிடு, மூலம் சரி. கோபுர முத்திரை. சுகந்தி அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். அன்று மாலையே திரும்பி வந்தாள்.

சான்றிதழின் அடியில், 'தாய்வசம் வந்த தேதி' என்று ஒரு வரி இருந்தது. அதில் மீள்பெறுதல் நடந்த நாளைப் போட்டிருந்தார்கள். அதன்படி அழகுத்தாய்க்கு இந்தப் பிள்ளை வந்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் பிள்ளைக்குப் பதினெட்டு வயசு மகள் இருக்க முடியாது என்று மதுரையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள்.

"இதுல தப்பு எங்கய்யா இருக்கு?" தனுஷ்கோடி உண்மையாகவே வருத்தப்பட்டார். "மூணு நாளைக்கு முன்னாடி நீ யாரு? பால்ச்சாமி மகன். அந்த ஆளு வேற. இந்த ஆளு வேற. வேணும்னா மேல்முறையீடு போ."

மேல்முறையீட்டு அலுவலர் கோகிலாம்பாள் காரியாபட்டியில் முகாம் போட்டிருந்தார். நல்ல மாதிரி. எல்லோரையும் உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார்.

"நாங்க எப்பவும் மனிதாபிமானத்தோடதான் பாப்போம்," என்று ஆரம்பித்தார். "பேருங்கிறது வெறும் சத்தம் இல்ல. அது ஒரு மனுஷனோட வேர். அந்த வேரைப் பிடுங்கிப் பாத்தாத்தான் செடி நல்லா இருக்கான்னு தெரியும்." காகிதங்களைப் புரட்டினார். முகம் மாறியது. அழகுத்தாயைப் பார்த்துக் கடிந்துகொண்டார். "என்னம்மா, பொறுப்பு வேண்டாமா? பிறந்த குழந்தையை இந்த வெயில்ல பஸ்ல வச்சுக் கூட்டிட்டு வரலாமா?"

அழகுத்தாய் சட்டென்று முந்தானையை எடுத்துத் தவுடன் தலையில் போட்டு மூடினார். வெயிலுக்காக இல்லை. எமன் பார்த்துவிடக் கூடாதென்று.

"சொட்டு மருந்து குடுத்தாச்சா?"

"மேடம்," தவுடன் முந்தானைக்குள்ளிருந்து பேசினார், "எனக்கு இந்தப் பல்லு ரெண்டு கடைவாயில ஆடுது மேடம். எம்புள்ளைக்கு ஆவணி முடிஞ்சா சீட்டு போயிரும். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் நடந்ததைச் சொன்னது தப்பா? பேரு அர்த்தம் கேட்டீக, சொன்னேன். தவசிங்கிற முனிவர் பேருன்னு பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பீகல்ல?"

"கண்டிப்பாக் குடுத்திருப்போம்," என்றார் கோகிலாம்பாள். "முனிவர்னா விசாரணையே கிடையாது."

தவுடன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

கோகிலாம்பாள் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். உங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்றால் அது விற்பனை. பல ஊர்களில், பல வீடுகளில் நடந்தது என்று காட்டினால் அது வழக்கம். வழக்கம் என்று ஆகிவிட்டால் விற்றதும் கணக்கில்லை, வாங்கியதும் கணக்கில்லை. வயசை முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். தவிட்டுக்குப் போன பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்களா? அவர்களே கைப்பட எழுதட்டும். ஆவணிக்குள் வந்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

மேல்முறையீடு அதோடு முடிந்தது.

இப்போது அழகுத்தாய் சைக்கிள் கடையை விட்டு அகல்வதில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பஞ்சர் ஒட்டுகிற தவுடன் லேசாகத் தும்மினால் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். லாரி வந்தால் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். மறுபடி வித்துடுறேன், வாங்கிக்க என்று முத்துப்பேச்சியிடம் ஆள் அனுப்பினார். இரண்டாம் முறை விற்றால் அதற்கு வேறு சட்டம், போலீஸ் வரும் என்று மாதவன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளை உடுப்பு பொட்டியிலேயே இருக்கிறது. சுகந்தி பருத்திக்காட்டுக்குப் போகிறாள்.

நாலு பத்திரிகைக்கு எழுதிப் போடலாம் என்று தவுடன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தபோது, அழகுத்தாய் பெஞ்சிலிருந்தே கேட்டார்.

"ஏலே, யாருக்குடா எழுதுற?"

"ஊரு ஊரா இருக்கிற தவுட்டுப் புள்ளைகளுக்கு, ஆத்தா. வித்த புள்ளைக யாரும் இருந்தா எழுதுங்கன்னு."

"அப்படியே இன்னொண்ணும் கேளு."

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை, குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை, மூக்குக் குத்தி எமனை ஏமாற்றிக் காப்பாற்றிய பிள்ளை என்று யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். தவுடன், சைக்கிள் கடை, பஸ் நிறுத்தம், எம்.ரெட்டியபட்டி என்று போட்டால் வந்து சேரும். பெயரும் அதற்குக் காரணமும் இரண்டு வரியில் போதும். அது கோகிலாம்பாள் மேடத்துக்கு.

அழகுத்தாய் கேட்கச் சொன்னது தனி. அந்தப் பிள்ளைகளில் யாரையாவது பெற்றவள் பிற்பாடு திருப்பி வாங்கி, வாய் திறந்து 'எம்மகன்' என்று சொல்லியிருக்கிறாளா? சொன்ன பிறகு அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறதா? இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, யாராவது கார்டு முழுவதையும் வாசித்துக் காட்டுகிற வரைக்கும் தாங்கமாட்டார்.